ஐரோப்பா ரயில்: பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா?

கையில் பாஸ் (பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே விலையில் வாங்கும் பயணச் சீட்டு) இருந்தும் ரோம் டெர்மினி நிலையத்து கவுண்டரில் நின்று 52 யூரோ கட்டினேன். ஃபுளோரன்ஸ் வரைக்கும் ஒன்றரை மணி நேரப் பயணம், நான்கு பேருக்கு சீட் ரிசர்வேஷன் மட்டும் அவ்வளவு. "பாஸ் வாங்கிட்டா போதும், எந்த ரயில்லயும் ஏறி உட்கார வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் உறவினர் ஒருவர் எங்களை வாங்க வைத்தார். அவர் ஜெர்மனிக்குள் மட்டும் சுற்றியவர். அங்கே அது உண்மை. இத்தாலியில் இல்லை.

நான், வீட்டுக்காரர், 62 வயது அம்மா, எட்டு வயது மகள். ரோமில் தொடங்கி ஃபுளோரன்ஸ், வெனிஸ், சூரிக், இன்டர்லாகன், வியன்னா, சால்ஸ்பர்க், மியூனிக், ஃபிராங்பர்ட் என்று சுற்றினோம். திரும்பி வந்து கணக்குப் போட்டபோது கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் ரூபாய் வீணாகியிருந்தது. நீங்கள் கிளம்பும் முன்பே அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு மாலை நேரமும் ஒரு நோட்டும் போதும்.

கீழே உள்ள விலைகள் நான் வாங்கிய நேரத்தில் பார்த்தவை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு எளிது.

1. பாஸ் தளத்தைத் திறக்கும் முன் நாட்களை எழுதுங்கள்

எந்தத் தேதியில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று வரிசையாக எழுதுங்கள். ரயில் ஏறாத நாட்களை விட்டுவிடுங்கள். பதினெட்டு நாள் பயணத்தில் நாங்கள் நீண்ட தூர ரயில் ஏறியது ஒன்பதே நாள்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: இன்று வாங்கினால் தனி டிக்கெட் என்ன விலை, பாஸ் இருந்தால் ரிசர்வேஷன் எவ்வளவு, அந்தத் தேதி உறுதியா மாறக்கூடியதா. மூன்றாவது கட்டத்தை யாரும் போடுவதில்லை. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

2. உங்களுக்கு எந்த பாஸ்

இந்தியா, இலங்கை, வளைகுடா, சிங்கப்பூர் என்று ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். கேள்வி பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதில்லை, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான். ஜெர்மனியில் படிக்கும் நம் ஊர் மாணவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். இன்டர்ரெயிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: தான் வசிக்கும் நாட்டுக்குள் இரண்டு நாட்கள்தான் அதைப் பயன்படுத்தலாம், வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்ற கணக்கில்.

இரண்டுமே 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 பயண நாள் (பாஸை வைத்து ரயில் ஏறும் நாள்), இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 பயண நாள் என்று வாங்கலாம். 15 நாளிலிருந்து மூன்று மாதம் வரை தொடர்ச்சியாகச் செல்லும் பாஸும் உண்டு. நாள்தோறும் ரயில் ஏறுபவருக்கு மட்டுமே அது சரிப்படும்.

27 வயது வரை இளைஞர் விலை, கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. 60 தாண்டியவர்களுக்குப் பத்து விழுக்காடு குறைவு. 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தை வரை. ஆனால் இலவசம் என்று நினைத்து குழந்தையைச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். பெரியவரின் பாஸோடு அதே ஆர்டரில் குழந்தை பாஸையும் எடுக்க வேண்டும். பாஸ்தான் இலவசம், ரிசர்வேஷன் இலவசமில்லை. அந்த 52 யூரோவில் என் மகளின் 13 யூரோவும் அடக்கம்.

3. ஒரு நாள் என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள்

பெரியவருக்கு, இரண்டாம் வகுப்பில், 4 நாள் பாஸ் ஏறக்குறைய 280 யூரோ. 5 நாள் 320, 7 நாள் 380, 10 நாள் 450. அதாவது 4 நாள் பாஸில் ஒரு நாள் 70 யூரோ, 10 நாள் பாஸில் 45 யூரோ.

உங்கள் நோட்டில் ஒரு நாளின் தனி டிக்கெட் விலை இந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அந்த நாளுக்கு பாஸ் வேண்டாம். இவ்வளவுதான் சூத்திரம். நாங்கள் செய்த தவறு, நாள் கூடக்கூட ஒரு நாள் விலை குறைகிறதே என்று 10 நாள் பாஸ் வாங்கியது. சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்கு ஆளுக்கு 45 யூரோ மதிப்புள்ள ஒரு நாளைச் செலவழித்தோம். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் ஒரு புடவை எடுப்பது மாதிரிதான்.

4. ரிசர்வேஷன்: ஏமாறுவது இங்கேதான்

நம் ஊரில் டிக்கெட் என்றால் சீட்டும் சேர்ந்தது. அங்கே பல நாடுகளில் டிக்கெட் வேறு, சீட் வேறு. பாஸ் என்பது டிக்கெட் மட்டும். சீட் கட்டாயமா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு, ரயிலுக்கு ரயில் மாறும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து: உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் கட்டாயமில்லை. ஜெர்மனியின் அதிவேக ஐசிஇ ரயிலில்கூட பாஸோடு அப்படியே ஏறலாம், காலியான சீட்டில் உட்காரலாம். சீட்டுக்கு மேலேயோ பக்கத்திலேயோ உள்ள சின்னத் திரையில் ஊர்ப் பெயர்கள் தெரிந்தால் அந்தத் தூரத்துக்கு யாரோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோடையிலும் வெள்ளி, ஞாயிறு மாலைகளிலும் ஐந்து யூரோ சொச்சம் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின்: அதிவேக ரயில்களில் கட்டாயம். பிரான்சின் டிஜிவி-யில் உள்நாட்டுக்குள் 10 அல்லது 20 யூரோ. இத்தாலியின் ஃபிரெச்சியரோசாவில் நாங்கள் கொடுத்தது 13. இது ஆளுக்கு, ஒரு ரயிலுக்கு. வழியில் ரயில் மாறினால் இன்னொரு முறை.

யூரோஸ்டார் (லண்டன்–பாரிஸ் அதிவேக ரயில்): முப்பது யூரோவை ஒட்டி எதிர்பாருங்கள். பணத்தைவிடப் பெரிய சிக்கல், பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் சீட்டுகள் குறைவு. ரயிலில் இடம் இருக்கும், உங்களுக்கு இருக்காது. லண்டன்–பாரிஸ் பாஸில்தான் போவேன் என்றால் இந்த ஒரு ரிசர்வேஷன் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு பாஸ் வாங்குங்கள்.

இரவு ரயில்கள்: உட்காரும் சீட்டுக்கும் படுக்கைக்கும் தனித்தனி கூடுதல் கட்டணம். படுக்கை, விடுதி அறை வாடகையைத் தொட்டுவிடும்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் மெதுவாகப் போகும் வட்டார ரயில்களுக்கு ரிசர்வேஷன் பெரும்பாலும் தேவையில்லை. ரோம்–ஃபுளோரன்ஸ் ஒன்றரை மணி என்பது மூன்றரை நான்கு மணி ஆகும். நேரம் இருப்பவர்களுக்குச் சரி. ஆனால் வட்டார ரயில் டிக்கெட்டே மலிவு, அதற்கு எதற்கு பாஸ் நாளைச் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கும்.

5. தனி டிக்கெட்: எப்போது, எங்கே

மதுரை–சென்னை டிக்கெட்டை இரண்டு மாதம் முன்னால் எடுத்தாலும் பத்து நாள் முன்னால் எடுத்தாலும் பெரும்பாலான ரயில்களில் ஒரே கட்டணம். அந்தப் பழக்கத்தோடு ஐரோப்பிய தளத்துக்குள் போனால் அதிர்ச்சிதான். நீண்ட தூர ரயில்களின் விலை விமான டிக்கெட் போல ஏறும். மியூனிக்–பெர்லின் போன்ற பாதையில் மூன்று மாதம் முன்னால் முப்பது நாற்பது யூரோவுக்குக் கிடைப்பது, கிளம்பும் நாளில் 150-ஐத் தாண்டும்.

ஜெர்மனியின் டாய்ச்ச பான், ஆஸ்திரியாவின் ஓபிபி, இத்தாலியின் டிரெனிடாலியா, பிரான்சின் எஸ்என்சிஎஃப், ஸ்பெயினின் ரென்ஃபே என்று அந்தந்த நாட்டு ரயில்வேயின் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகுத் தளங்கள் பல ரயில்வேக்களை ஒரே இடத்தில் காட்டும், தேடிப் பார்க்க வசதி. ஆனால் பலவற்றில் சேவைக் கட்டணம் உண்டு. மாற்றவோ ரத்து செய்யவோ போகும்போது இருவருக்கும் நடுவில் பந்தாட்டம் ஆடுவார்கள்.

மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். தவறவிட்டால் பணம் போச்சு. டாய்ச்ச பானில் ஸ்பார்பிரைஸ், சூப்பர் ஸ்பார்பிரைஸ் என்று இரண்டு உண்டு. முதலாவதை ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு ரத்து செய்ய விடுவார்கள், இரண்டாவதில் ஒன்றும் திரும்பாது. சில யூரோ வித்தியாசத்துக்காக இரண்டாவதை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

இரண்டு துண்டாக வாங்கி நடுவில் மாறுவதாக இருந்தால் இடைவெளி நிறைய விடுங்கள். ஒரே டிக்கெட்டில் மாறும்போது முதல் ரயில் தாமதமானால் அடுத்த ரயிலில் ஏற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் உங்கள் பாடு. பாஸின் உண்மையான பலம் இங்கேதான் தெரியும்: ரிசர்வேஷன் வேண்டாத நாடுகளில் ஒன்று போனால் அடுத்தது. ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

6. நாட்டுக்குள்ளேயே இருக்கும் சலுகைகள்

மியூனிக் இருக்கும் ஜெர்மன் மாநிலமான பவேரியாவில் பயர்ன் டிக்கெட் என்று ஒன்று. முதல் ஆளுக்கு முப்பது யூரோ சொச்சம், கூட வரும் ஒவ்வொருவருக்கும் பத்து யூரோ அளவில், ஐந்து பேர் வரை. வார நாளில் காலை ஒன்பது மணியிலிருந்து செல்லும், வட்டார ரயில்களில் மட்டும். எல்லை தாண்டியிருக்கும் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும் என்பது எனக்கு மியூனிக் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று பெரியவர்களுக்கு 52 யூரோ அளவில் முடிந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தில் டிக்கெட் விலை மிக அதிகம். சூரிக்–இன்டர்லாகன் இரண்டு மணி நேரத்துக்கு முழு விலை 70 ஃபிராங்கை ஒட்டி வரும். யூரெயில் அங்கே நன்றாகவே உழைக்கும். ஆனால் யுங்ஃபிராவ் போன்ற மலை ரயில்களுக்கு முழுதாகச் செல்லாது, 25 விழுக்காடு தள்ளுபடி மட்டும். அந்த நாட்டில் மட்டும் ஒரு வாரம் என்றால் சுவிஸ் டிராவல் பாஸையும் அரை விலை அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் ஊர்ப் பேருந்து, படகு, அருங்காட்சியகம் எல்லாம் சேரும். மலை ஏறுவதுதான் திட்டம் என்றால் பின்னது.

லக்ஸம்பர்க்கில் 2020 மார்ச்சிலிருந்து இரண்டாம் வகுப்பு ரயிலும் பேருந்தும் யாருக்கும் இலவசம். அங்கே ஒரு பாஸ் நாளைச் செலவழித்தவர்களும் இருப்பார்கள்.

மெட்ரோ, டிராம், ஊர்ப் பேருந்து ஆகியவற்றுக்கு யூரெயில் பொதுவாகச் செல்லாது. அதற்குத் தனியாகப் பணம் வையுங்கள்.

7. விசா கைக்கு வரும் முன் எதை வாங்கலாம்

மலிவு டிக்கெட் மூன்று மாதம் முன்னால் கிடைக்கும், விசாவோ கடைசி மாதத்தில்தான் வரும். நம்மவர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி இது.

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். அதோடு விண்ணப்ப மையத்தில் தேதி கிடைப்பதற்கான காத்திருப்பும் உண்டு, ஏப்ரல், மே மாதங்களில் அதுவே பெரிய பாடு. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். எவ்வளவு சீக்கிரம் விசா வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவாக ரயில் டிக்கெட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசா வரும் வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட் எதையும் தொடாதீர்கள். ஆக்டிவேட் செய்யாத, அதாவது இன்னும் பயன்பாட்டுக்குத் திறக்காத, சாதாரண பாஸை 15 விழுக்காடு பிடித்துக்கொண்டு திருப்பி எடுத்துக்கொள்வார்கள். தள்ளுபடிக் காலத்தில் வாங்கியதற்கு விதி மாறலாம், அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் பாஸைத் தொடங்கினால் போதும். ஆகவே தள்ளுபடி வரும்போது வாங்கி வைப்பதில் தவறில்லை.

பாஸில் பிரிட்டனும் இருக்கிறதே என்று லண்டனைத் திட்டத்தில் சேர்ப்பவர்கள் கவனிக்க: ஷெங்கன் விசாவில் அங்கே இறங்க முடியாது, அதற்குத் தனி விசா.

8. பெயர், கார்டு, ஓடிபி

பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே பெயரைப் போடுங்கள். இனிஷியல் கூடாது. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அதை நிரப்பாமல் எந்தத் தளமும் நகரவிடவில்லை. பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். நான்கு நாடுகளில் ஒரு டிக்கெட் பரிசோதகரும் கேள்வி கேட்கவில்லை. அப்பா பெயரை நீங்களாகச் சேர்ப்பதைவிட இது மேல்.

ஒரு நாட்டு ரயில்வே தளம் எங்கள் இரண்டு கார்டுகளையும் மூன்று நாள் திருப்பித் திருப்பி நிராகரித்தது. வங்கிச் செயலியில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஒரு கார்டில் அதுதான் கோளாறு. மற்றது கடைசிவரை வேலை செய்யவில்லை. பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். கார்டுக்கான மாற்றுக் கட்டணத்தையும் அதன் மேல் ஜிஎஸ்டியையும் நோட்டில் மூன்று நான்கு விழுக்காடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு வாங்குவதாக இருந்தால் ஓடிபி வரும் சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும்.

9. இப்போது முடிவு செய்யுங்கள்

தேதி உறுதி, விசா கையில், பாதை இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின்: தனி டிக்கெட். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, அதோடு மழை பெய்தால் திட்டத்தை மாற்றும் மனம்: பாஸ். 12 வயதுக்குள் இரண்டு குழந்தைகள் இருந்தால் தராசு பாஸ் பக்கம் நன்றாகவே சாயும். பெரும்பாலோருக்குக் கலவைதான் சரி.

எங்கள் கணக்கைப் பாருங்கள். 10 நாள் பாஸ் மூன்று பேருக்கு 1305 யூரோ, இத்தாலியில் இரண்டு ரயிலுக்கு ரிசர்வேஷன் 104. மொத்தம் 1409. இதற்குப் பதில் வெனிஸ்–சூரிக், சுவிட்சர்லாந்துக்குள் இரண்டு நாள், சூரிக்–வியன்னா, மியூனிக்–ஃபிராங்பர்ட் ஆகியவற்றுக்கு மட்டும் 5 நாள் பாஸ் வாங்கியிருந்தால் 928. ரோம்–ஃபுளோரன்ஸ், ஃபுளோரன்ஸ்–வெனிஸ் முன்கூட்டி எடுத்தால் 180 அளவில், வியன்னா–சால்ஸ்பர்க் 70, பயர்ன் டிக்கெட் 52. மொத்தம் 1230. வெனிஸ்–சூரிக் ரிசர்வேஷன் இரண்டு கணக்கிலும் ஒன்றே என்பதால் சேர்க்கவில்லை.

10. பாஸை இயக்கும்போது

பாஸ் இப்போது போனில்தான், ரெயில் பிளானர் செயலியில். ஆக்டிவேட் செய்வதும் பயண நாளைத் தொடங்குவதும் வேறு வேறு வேலை. ஆக்டிவேட் செய்துவிட்டால் பணம் திரும்பாது, ஆகவே முதல் பயணத்துக்கு முந்தின நாள்வரை பொறுங்கள். ஏறும் முன் அந்த ரயிலைச் செயலியில் சேர்த்து, பாஸோடு இணைக்க வேண்டும். இணைக்காமல் ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான்.

பயண நாளை முந்தின நாள் நள்ளிரவு வரை ரத்து செய்யலாம். அன்றைக்கு விடிந்த பிறகு முடியாது. இரவு ரயிலுக்கு ஏறிய நாள் மட்டும் கணக்கு. ஆனால் மறுநாள் காலை இறங்கி இன்னொரு ரயில் ஏறினால் இரண்டாவது நாளும் போய்விடும். எல்லார் பாஸையும் ஒரே போனில் ஏற்றலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த போன் தொலைந்தால் நான்கு பேரும் நடுத்தெருவில் என்று அம்மா தினமும் நினைவூட்டினார். செயலி அவ்வப்போது இணையத்தோடு பேச வேண்டும், மலைப் பக்கம் போகும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

11. நிலையத்தில்

வெனிஸ் என்று பலகையில் இருக்காது, வெனேசியா என்றிருக்கும். வியன்னா வீன், மியூனிக் மூன்ஷன், ஃபுளோரன்ஸ் ஃபிரென்ஸே. வெனிஸில் மெஸ்திரே நிலையத்தில் இறங்கிவிட்டால் தண்ணீர் நகரம் இன்னும் ஒரு பாலம் தாண்டி இருக்கும். நீங்கள் இறங்க வேண்டியது சாந்தா லூசியா. பாரிஸில் ரயில் மாறும்போது நிலையமே மாறும், கார் து நோர் ஓர் இடம், கார் த லியோன் இன்னோர் இடம். நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஃபிராங்பர்ட் இரண்டு உண்டு. நமக்கு வேண்டியது மைன் ஆற்றங்கரையில் இருப்பது, போலந்து எல்லையில் இருப்பதல்ல.

இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் பிளாட்பார்மில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் அபராதம், சுற்றுலாப் பயணி என்ற சலுகையெல்லாம் இல்லை. சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும், உங்கள் பெட்டியின் கதவருகே எழுதியிருக்கும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

பரிசோதகர் வந்தால் கியூஆர் குறியோடு பாஸ்போர்ட்டும் கேட்பார், ஜெராக்ஸ் போதாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 விழுக்காடும் கேட்டு வாங்கலாம். பாஸ்காரர்கள் யூரெயிலிடமே விண்ணப்பிக்க வேண்டும். எந்த ரயில், எத்தனை நிமிடம் தாமதம் என்று அன்றைக்கே குறித்துவைத்து, பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.